தலைப்பைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் புள்ளி உண்டா? வினாடி வினா நடுவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளி, கல்லூரி, நூலக விழாக்களில் வினாடி வினா நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூல், திரைப்படம், பத்திரிகை என்று எதன் பெயரைக் கேட்டாலும், பிள்ளைகள் அதை அட்டையில் உள்ளபடியே சொல்வது அரிது. 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்பது 'சஞ்சீவி மலைச்சாரல்' ஆகும். 'சிவகாமியின் சபதம்' என்பது 'சிவகாமி சபதம்' ஆகும்.

புதிதாக நடுவர் நாற்காலியில் உட்கார்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். சிலர் எத்தனை எழுத்து தப்பு என்று எண்ணுகிறார்கள். சிலர் 'தெரிந்துதானே சொல்கிறார்கள்' என்று இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி விடைக்கு ஓர் அணிக்குப் புள்ளி கிடைக்கும், இன்னோர் அணிக்குக் கிடைக்காது. நான் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் இது: சொன்ன விடை நாம் கேட்ட படைப்பை மட்டும் காட்ட வேண்டும், வேறு எதையும் காட்டக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சோதிக்கும் வழிகள். வரிசையை மாற்றாதீர்கள்; வரிசை மாறினால்தான் குழப்பம் வருகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

விடைத்தாள் இரண்டு பிரதி வேண்டும், குவிஸ் மாஸ்டருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காரும் இரண்டாவது நடுவருக்கு ஒன்று. கேள்வி வாசிப்பவர் அணிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள இன்னொருவர் இருந்தாக வேண்டும். பிறகு தகராறு வந்தால் அந்தக் குறிப்புதான் சாட்சி.

ஒவ்வொரு சுற்றுக்கும் கையிருப்புக் கேள்வி இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். அவை எதற்கு என்பது கடைசிப் படியில் தெரியும்.

2. முதலில் கேள்வியைச் சோதியுங்கள்

'கிட்டத்தட்டச் சரி' என்ற சண்டைகளில் பாதி, விடையால் வருவதில்லை, கேள்வியால் வருகிறது. கேள்வி இரண்டு படைப்புகளுக்குப் பொருந்தினால் எந்தத் தீர்ப்பும் நியாயமாக இருக்காது.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு: 'தமிழ்த்தாய் வாழ்த்து எந்தச் சொற்களில் தொடங்குகிறது?' கடலூர் அணி மனோன்மணீயம் சுந்தரனாரின் 'நீராருங் கடலுடுத்த' என்று சொல்லும். புதுச்சேரி அணி பாரதிதாசனின் 'வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே' என்று சொல்லும். இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டு அரசுகளும் வெவ்வேறு பாடலை வைத்திருக்கின்றன. பாகூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் அணிகள் வரும் போட்டியில் 'தமிழ்நாடு அரசின்' அல்லது 'புதுச்சேரி அரசின்' என்று கேள்வியிலேயே போட்டுவிடுங்கள்.

அதேபோல ஒரே தலைப்பில் பல படைப்புகள் உண்டு. 'வானம் வசப்படும்' பிரபஞ்சனின் நாவல். 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே பெயரில் 2004இல் ஒரு திரைப்படமும் வந்தது. கடலூரில் பிறந்த ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' 1965இல் படமானது. 2009இல் வந்த அதே பெயர்ப் படம் வேறு கதை. விடை ஒன்றுதான் என்பதால் இது புள்ளியைப் பாதிக்காது என்று தோன்றலாம். ஆனால் துப்புகள் கலந்துவிட்டால் அணி குழம்பும், பிறகு அப்பீல் வரும். ஆகவே ஒவ்வொரு கேள்வியிலும் நாவலா, நாடகமா, காப்பியமா, படமா என்ற வகைச் சொல் கட்டாயம் இருக்கட்டும். அந்த ஒரு சொல் பின்னால் பல தீர்ப்புகளை எளிதாக்கும்.

3. விடைத்தாளில் மூன்று கட்டம் போடுங்கள்

பெரும்பாலோர் விடைத்தாளில் சரியான தலைப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மேடையில் மூன்று விநாடியில் முடிவெடுக்க அது போதாது. தலைப்புக்குப் பக்கத்தில் 'ஏற்கலாம்', 'மீண்டும் கேள்', 'தவறு' என்று மூன்று கட்டம் போட்டு, வரக்கூடிய விடைகளை முந்தின நாளே எழுதி நிரப்புங்கள்.

பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' விடை என்று வைத்துக்கொள்வோம். 'மானுடம் வெல்கிறது' ஏற்கலாம். 'மானுடம்' என்று மட்டும் சொன்னால் மீண்டும் கேட்க வேண்டும். 'மனிதம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் தவறு. ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தைக் களமாகக் கொண்டவை என்று இரண்டு நாவல்களையும் சேர்த்தே படித்திருப்பார்கள். ஒன்றுக்கு மற்றொன்று வாயில் வருவது சகஜம்.

தலைப்பில் எந்தச் சொல் அந்தப் பெயரைத் தாங்குகிறதோ அதற்கு அடிக்கோடு போட்டு வையுங்கள். 'பாஞ்சாலி சபதம்' என்பதில் இரண்டுக்கும் கோடு. 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்பதில் 'சஞ்சீவி', 'சாரல்' இரண்டுக்கு மட்டும். ஏழாவது படியில் இந்தக் கோடுதான் முடிவு சொல்லும்.

சரியான தலைப்பை எங்கிருந்து எடுப்பது? நூலானால் உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். படமானால் திரையில் பெயர் வரும் இடத்தைப் பாருங்கள். இணையத்தில் பிறர் தட்டச்சு செய்த பட்டியலை நம்பி விடைத்தாள் தயாரித்தால், அச்சில் உள்ளபடி சரியாகச் சொன்ன மாணவிக்கே புள்ளி போகாமல் நிற்கும்.

4. விதியை முன்கூட்டியே வாசித்துச் சொல்லுங்கள்

முதல் கேள்விக்கு முன் எல்லா அணிகளுக்கும் இதை வாசியுங்கள்: 'தலைப்பு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேறொரு படைப்பின் பெயராக இருந்தால் தவறு. விடை குறையாக இருந்தால் ஒருமுறை மட்டும் முழுமையாகச் சொல்லச் சொல்வோம். ஐந்து விநாடி தருவோம். நாங்கள் எதுவும் சொல்வதற்குள் நீங்களே திருத்திக்கொண்டால் கடைசியாகச் சொன்னதுதான் விடை. அணித்தலைவர் சொல்வது மட்டுமே விடை.'

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். 'சிவகாமி... இல்லை இல்லை, பாஞ்சாலி சபதம்' என்று பதற்றத்தில் வரும் விடைக்கு என்ன செய்வது என்று முன்பே சொல்லாவிட்டால், நீங்கள் எந்தப் பக்கம் தீர்ப்பளித்தாலும் ஓரவஞ்சனை போலத் தெரியும்.

5. மேடையில் முதல் சோதனை: சொன்னது வேறொன்றின் பெயரா?

விடை காதில் விழுந்ததும் எழுத்துப் பிழையைத் தேடாதீர்கள். இந்தப் பெயரில் வேறு படைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது எவ்வளவு நெருக்கமாக ஒலித்தாலும் தவறுதான்.

1965இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த படம் 'எங்க வீட்டுப் பிள்ளை'. 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பேச்சு வடிவை எழுத்து வடிவாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்றால் கொடுக்கக் கூடாது, அது 2019இல் வந்த வேறு படம். எழுத்தை எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒரே அளவு பிழையாகத் தெரியும். அதனால்தான் எண்ணுவதை முதல் சோதனையாக வைக்கக் கூடாது என்கிறேன்.

பழைய இலக்கியக் கேள்விகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பதினெண்கீழ்க்கணக்கில் 'ஐந்திணை ஐம்பது', 'ஐந்திணை எழுபது', 'திணைமொழி ஐம்பது', 'திணைமாலை நூற்றைம்பது' நான்கும் தனித்தனி நூல்கள். 'இன்னா நாற்பது', 'இனியவை நாற்பது' இரண்டும் அப்படியே. இங்கே எண்ணும் பெயரின் ஒரு பாகம். ஐம்பதுக்கு எழுபது என்றால் அது வேறு நூல். 'குண்டலகேசி'க்கு 'நீலகேசி' என்றாலும் தவறு. நீலகேசி குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது.

நாயன்மார் வரலாற்றிலும் இதே சிக்கல் உண்டு. சுந்தரர் பாடியது 'திருத்தொண்டத் தொகை'. நம்பியாண்டார் நம்பி பாடியது 'திருத்தொண்டர் திருவந்தாதி'. சேக்கிழார் பாடியது 'திருத்தொண்டர் புராணம்'. சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவை மூன்றும் நன்றாகவே தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் நாக்கு புரள்கிறது. அதற்காக இரங்கி ஒன்றுக்கு மற்றொன்றை ஏற்றால், சரியாகப் பிரித்தறிந்து படித்த அணிக்குத் துரோகம் செய்கிறோம்.

பத்திரிகைப் பெயர்களையும் மறக்க வேண்டாம். பாரதி புதுச்சேரியில் இருந்த காலத்துப் படைப்பைக் கேட்கும்போது 'குயில்' என்று நின்றுவிடுகிறார்கள். விடை 'குயில் பாட்டு'. 'குயில்' என்பது பாரதிதாசன் நடத்திய இதழ். இதை உடனே தவறு என்று தள்ளாதீர்கள். வேறொன்றின் முழுப் பெயராக இருந்தாலும், நாம் கேட்டதன் முதல் பாதியாகவும் இருக்கிறது. இப்படிப்பட்டவை அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. பாதி விடை வந்தால்

விடை தலைப்பின் ஒரு துண்டாக இருந்தால், அந்தத் துண்டுக்கும் கேள்வியில் உள்ள துப்புகளுக்கும் பொருந்தும் படைப்புகள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் கொடுத்துவிடலாம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றைக் கேட்டு 'சிந்தாமணி' என்று வந்தால் அது சீவக சிந்தாமணிதான், மேலே கேட்க எதுவும் இல்லை. காப்பியம் என்ற சொல்லே கேள்வியில் இல்லையென்றால் 'விவேக சிந்தாமணி'யும் குறுக்கே வரும். அப்போது மீண்டும் கேட்க வேண்டும். 'திரு' விடுபடுவது பெரும்பாலும் பொருட்டில்லை: குறள், அருட்பா என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

மீண்டும் கேட்கும் முறையில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'எந்தச் சிந்தாமணி?' என்று கேட்டால் முன்னால் ஒரு சொல் வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறீர்கள். 'இன்னும் ஒரு சொல் இருக்கு' என்றால் அதைவிட மோசம். எல்லா அணிக்கும் எப்போதும் ஒரே வாக்கியம்: 'முழுப் பெயரைச் சொல்லுங்கள்.' குரலை ஏற்ற வேண்டாம், புன்னகைக்க வேண்டாம்.

இதற்கும் காதில் விழாததற்கும் வேறுபாடு வையுங்கள். ஒலிபெருக்கி இரைச்சலில் கேட்கவில்லை என்றால் 'கேட்கவில்லை, அதையே மறுபடி சொல்லுங்கள்' என்று சொல்லுங்கள். அப்போது விடையை மாற்ற அனுமதி கிடையாது. இரண்டுக்கும் 'என்னது?' என்று ஒரே மாதிரி கேட்டால், அணி தன் விடை தப்பு என்று நினைத்து மாற்றிவிடும். சரியாகச் சொன்ன விடையை இப்படி நடுவரே கெடுத்துவிடுவதைப் பார்ப்பது வேதனை.

பகுதியின் பெயரை முழுமைக்குச் சொல்வதும் இதே வகை. 'பொன்னியின் செல்வன்' விடையாக இருக்கும்போது 'புதுவெள்ளம்' என்று வந்தால், அது அந்த நாவலின் முதல் பாகம். ஒருமுறை மீண்டும் கேளுங்கள். திருவருட்பாவுக்கு 'அருட்பெருஞ்ஜோதி அகவல்' என்றாலும் அப்படியே. திரைப்படத்தில் 2022இல் வந்த முதல் பாகமா, 2023இல் வந்த இரண்டாவதா என்பது கேள்விக்குத் தேவை என்றால் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். தேவை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

7. சொல் மாறி வந்தால்

வேறு படைப்பின் பெயர் இல்லை, விடை முழுசாகவும் இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எழுத்தையும் சொல்லையும் பார்க்க வேண்டியது இப்போதுதான்.

உருபு கூடுவதும் குறைவதும் பிழையே அல்ல. 'பார்த்திபனின் கனவு', 'சிவகாமி சபதம்', 'அழகுச் சிரிப்பு' என்று வருபவை எல்லாம் ஏற்கத்தக்கவை. ஒற்று மிகுவதும், ஜீவகாருண்யம் சீவகாருணியம் ஆவதும் அப்படியே. உச்சரிப்புக்குப் புள்ளி குறைக்கவே கூடாது. 'அளகின் சிரிப்பு' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது 'அழகின் சிரிப்பு'தான். எண்களை எந்த மொழியில் சொன்னாலும் சரி: '96' படத்தைத் தொண்ணூற்றாறு என்றாலும் நைன்ட்டி சிக்ஸ் என்றாலும் ஒன்றே.

சொற்களின் வரிசை மாறினால் நான் ஏற்பேன். 'ஒரு வீடு ஒரு மனிதன் ஒரு உலகம்' என்று சொல்கிறவருக்கு ஜெயகாந்தனின் நாவல் தெரியும். மூன்று 'ஒரு'வில் எது முதல் என்பதுதான் தடுமாற்றம்.

ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள வேறு சொல் வந்தால் அடிக்கோட்டைப் பாருங்கள். கோடு போடாத சொல் மாறியிருந்தால் ஏற்கலாம். கோடு போட்டது மாறியிருந்தால் கூடாது. ஆகவே 'சஞ்சீவி மலைச்சாரல்' சரி. 'திரௌபதி சபதம்' தவறு. இரண்டும் ஒரே பெண்ணின் பெயர்கள்தானே என்று வாதம் வரும். ஆனால் நாம் கேட்டது நூலின் பெயர். நூலுக்குள் வரும் கதைமாந்தர் யார் என்று கேட்கவில்லை. 'மனிதம் வெல்லும்' தவறு என்று மூன்றாம் படியில் சொன்னதும் இதனால்தான். 'வானம் வசமாகும்' என்று வந்தால் நான் கொடுத்துவிடுவேன்: வானமும் இருக்கிறது, வசமும் இருக்கிறது, வினை முடிவு மட்டும் மாறியிருக்கிறது.

ஒருமை பன்மைக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெரும்பாலும் ஏற்கலாம். 'புரட்சிக் கவி'க்குப் 'புரட்சிக் கவிஞர்' என்று வருவதை இதோடு சேர்த்துவிடாதீர்கள். முன்னது காவியம், பின்னது அதை எழுதியவரின் பட்டம்.

8. மாற்றுப் பெயர், மொழிபெயர்ப்பு, சுருக்கம்

வழக்கில் நிலைத்த மாற்றுப் பெயர்களுக்கு முழுப் புள்ளி. பெரியபுராணம், திருத்தொண்டர் புராணம் இரண்டும் சரி. கம்பராமாயணத்துக்கு இராமாவதாரம், நாலடியாருக்கு நாலடி நானூறு, திருக்குறளுக்கு முப்பால் எல்லாம் சரி. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த குறிப்புகளை நாட்குறிப்பு, டைரி, தினசரி, சொஸ்த லிகிதம் என்று எப்படிச் சொன்னாலும் ஏற்க வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு நூல்கள் கேள்வியில் வந்தே தீரும். மூலப் பெயர், தமிழில் அச்சான பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றையும் ஏற்கலாம் என்று விடைத்தாளில் எழுதி வையுங்கள். விக்தோர் ஹ்யூகோவின் நாவலை லே மிசெராப்ல் என்றாலும், சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய 'ஏழை படும் பாடு' என்றாலும் சரி. ஆல்பெர் காம்யுவின் நாவலுக்கு 'அந்நியன்' போதும். 2005இல் அதே பெயரில் தமிழ்ப் படம் வந்திருந்தாலும் கேள்வியில் நாவல் என்று இருப்பதால் குழப்பமில்லை. அணி தானே மொழிபெயர்த்துச் சொல்லும் பெயருக்கு ஏழாம் படியையே பயன்படுத்துங்கள். 'குட்டி இளவரச'னுக்குச் 'சின்ன இளவரசன்' என்றால் தயங்காமல் கொடுக்கலாம்.

திரைப்படச் சுருக்கப் பெயர்களில் எச்சரிக்கை. 'வேலையில்லா பட்டதாரி'யை விஐபி என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1997இல் 'வி.ஐ.பி' என்றே ஒரு படம் இருக்கிறது. சுருக்கம் வந்தால் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

9. எழுத்துச் சுற்றில்

முதல்நிலைத் தேர்வில் மீண்டும் கேட்க வழியில்லை. ஆகவே 'மீண்டும் கேள்' கட்டத்தில் உள்ளவை அங்கே என்ன ஆகும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்; நான் அவற்றைத் தவறு என்றே எடுத்துக்கொள்வேன், அதைத் தாளின் மேலேயே அச்சிட்டுவிடுவேன். எழுத்துப்பிழைக்குக் குறைக்க வேண்டாம். திருத்துகிறவர்கள் பலர் என்றால், ஆள் ஆளுக்கு ஒரு கட்டுத் தாளைப் பிரித்துக் கொடுக்காமல், ஒரு கேள்வியை ஒருவரே எல்லாத் தாள்களிலும் திருத்தட்டும். ஒரே மாதிரி விடைக்கு ஒரே தீர்ப்பு கிடைக்க இதுதான் வழி.

10. தீர்ப்பைச் சொல்லும் விதம்

விடை தவறு என்றால் 'இல்லை' என்று மட்டும் சொல்லி அடுத்த அணிக்குப் பாஸ் செய்யுங்கள். 'கிட்ட வந்துட்டீங்க', 'ஒரு சொல்தான் தப்பு' என்று ஆறுதலாகச் சொல்வது அடுத்த அணிக்கு விடையைத் தட்டில் வைத்துக் கொடுப்பது. ஆறுதல் சொல்ல ஆசையிருந்தால் கேள்வி முடிந்த பிறகு சொல்லலாம்.

மாற்றி வந்த விடையை ஏற்றால், சரியான தலைப்பை உரக்கச் சொல்லி, ஏன் ஏற்றீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மற்ற அணிகளும் தங்களுக்கு எந்த அளவு சலுகை உண்டு என்று அப்போதுதான் அறியும். அந்தத் தீர்ப்பை இரண்டாவது நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் சுற்றில் ஏற்ற வகையை ஐந்தாம் சுற்றில் மறுக்கக் கூடாது.

11. அப்பீல் வந்தால்

அணித்தலைவர் மட்டும், அடுத்த கேள்வி வாசிக்கும் முன் அப்பீல் செய்யலாம் என்று வையுங்கள். நடுவர்கள் இருவரும் ஒலிவாங்கியை மூடிவிட்டு, குறித்து வைத்த சொல்லைப் பார்த்து, ஐந்தாம் படியிலிருந்து மறுபடி வாருங்கள். பார்வையாளர்களின் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டாம்.

சரியான விடையைத் தவறு என்று தள்ளி, கேள்வி அடுத்த அணிக்குப் போய், அவர்கள் புள்ளி வாங்கிவிட்டார்கள் என்றால்: முதல் அணிக்கு முழுப் புள்ளி கொடுங்கள், இரண்டாவது அணியின் புள்ளியைத் திரும்ப எடுங்கள். அவர்கள் மேல் தவறில்லைதான், ஆனால் அந்தக் கேள்வி அவர்களிடம் போயிருக்கவே கூடாது. காரணத்தை அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

தவறான விடையை ஏற்றுவிட்டது தெரிந்தால் கதை வேறு. புள்ளியைத் திரும்ப எடுத்தால் மட்டும் போதாது, அடுத்த அணி தன் வாய்ப்பை இழந்திருக்கிறது. சரியான தலைப்பும் இதற்குள் அரங்கில் சொல்லப்பட்டிருக்கும், அதே கேள்வியை அவர்களிடம் கேட்க முடியாது. கையிருப்புக் கேள்வி ஒன்றை எடுத்து, பாஸ் ஆகி வந்த கேள்விக்குரிய புள்ளிக்கு அவர்களிடம் கேளுங்கள். இரண்டு தீர்ப்பையும் ஸ்கோர் பலகையில் உடனே திருத்தி, அணித்தலைவர்களிடம் காட்டிய பிறகு அடுத்த கேள்வியை வாசியுங்கள்.